தீவுக் கரையில் முருகைக்கல்லுக்குள் (பவளப்பாறைக் கல்) நிற்கும் வெள்ளைப் பூச்செடி எது? தோண்டி வந்து வீட்டில் வைக்கலாமா?

படம் போடாதபடியால் இரண்டில் ஒன்று என்றுதான் சொல்லலாம். பிரித்துப் பார்ப்பது லேசு, கொப்பை ஒடிக்கவும் தேவையில்லை.

இலைகள் எதிரெதிராக, இரு பக்கமும் பட்டுப்போல மயிர் மூடிச் சாம்பல் பச்சையாக இருந்து, பூவில் ஆறு இதழ் இருந்தால் அது பெம்பிஸ் அசிடுலா. இலைகள் மாறி மாறி, வழவழப்பாக, நுனியில் சின்ன வெட்டோடு இருந்து, பூவில் ஐந்து இதழ் என்றால் லும்னிட்செரா ரசிமோசா. பின்னது கண்டல் இனம்; கடல்நீரேரிச் சேற்றோரம் நிற்பது. கல்லுக்குள் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முன்னதாகத்தான் இருக்க வேணும். இலையில் இலேசான புளிப்பு உண்டு, அசிடுலா என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து பசிபிக் வரை பரந்த செடி இது. மன்னார் வளைகுடாவில் இந்தியப் பக்கத் தீவுகளிலும் உண்டு. இருந்தும் கண்ட கரையில் எல்லாம் நிற்காது. பெருக்கு மட்டத்துக்குச் சற்று மேலே, உப்புச் சாரல் அடிக்கிற, நிழலே இல்லாத கல்விளிம்புதான் அதன் இடம். உள்ளே தள்ளி முளைத்தால் மற்ற மரங்களின் நிழல் அமுக்கிவிடும். அந்த ஒடுங்கிய விளிம்பில் கல்லை உடைத்தாலோ மதில் கட்டினாலோ செடிக்குப் போக்கிடம் இல்லை.

தோண்ட வேண்டாம். வேர் கல்வெடிப்புக்குள் இறுகியிருக்கும். இழுத்தால் உறிஞ்சுவேர் எல்லாம் அறுந்து கட்டைதான் கையில் வரும். அது சில கிழமை பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுப் பட்டுப்போகும். பிலிப்பைன்ஸ் பக்கம் சாடியில் குறுமரம் வளர்க்கும் போன்சாய்க்காரர் தோண்டியெடுத்துச் செய்த நாசமும் இதுதான்.

விதை எடுங்கள். கிண்ணம்போன்ற காய் பழுப்பானதும் மேல்மூடி கழன்று விழும். சில காய் போதும், மிச்சத்தைக் கடலுக்கு விடுங்கள். விதை மிதந்துதான் பரவுகிறது. கழுவிய பருமணல் இரண்டு பங்கு, முருகைக்கல் பொடிக்கல் ஒரு பங்கு, மேலே விதை, அதன்மேல் மெல்லியதாய் மணல். நல்ல வெயிலில் வையுங்கள். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணி இதற்குப் பிரச்சினையே இல்லை. கடற்கரைச் செடிதானே என்று கடல்நீர் ஊற்றுவதுதான் வழக்கமான பிழை: சாடியில் தண்ணி ஆவியாக ஆவியாக உப்புச் சேர்ந்து வேரைக் கருக்கும். மண் முழுதாய்க் காயவும் விடக்கூடாது, ஒருமுறை காய்ந்தாலே இலை கொட்டிவிடும்.

வளர்ச்சி மகா மந்தம். நட்ட வருசத்தில் பூவை எதிர்பார்க்காதீர்கள்.