வசதி எதுவும் இல்லாத இடத்தில் தனியாக கார் கேம்பிங்: முதல் முறைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: முதல் முறையாகத் தனியாகக் காரில் போய் இரண்டு இரவு தங்கப் போகிறேன். அங்கே தண்ணீர், கழிவறை, கரண்ட், கடை எதுவும் கிடையாது. போன் சிக்னலும் சந்தேகம்தான். என்னவெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

சாமான் பட்டியலை அப்புறம் போடலாம். எங்கே படுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முதல் தடவை, அதுவும் தனியாள் என்றால் கூடாரம் வேண்டாம், காருக்குள்ளேயே படுங்கள். நடுராத்திரியில் மழை பிடித்துக்கொண்டாலோ, யாராவது வந்து நின்றாலோ, வயிற்றுவலி வந்தாலோ, கூடாரத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருப்பார். காருக்குள் இருப்பவர் முன்சீட்டுக்கு நகர்ந்து வண்டியை எடுத்துவிடலாம். கதவைத் திறக்காமலே இரண்டு நிமிடத்தில் கிளம்ப முடிகிறதா? தனியாகப் போகிறவருக்கு அதுதான் அளவுகோல். கீழே சொல்லும் பாதி விஷயம் அதற்காகத்தான்.

எனவே டிரைவர் சீட்டை ஓட்டும் நிலையிலேயே விட்டுவிடுங்கள். அதன் மேல் எதையும் வைக்காதீர்கள். பக்கத்துச் சீட்டை முன்னால் தள்ளி, அதன் பின்னாலுள்ள சீட்டை மடக்கி, அந்தப் பக்கமே படுக்கை போடுங்கள். தள்ளிய சீட்டின் முதுகிலிருந்து டிக்கிக் கதவு வரை டேப் வைத்து அளந்தால் உங்கள் உயரத்தைவிட 10 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். மடக்கிய சீட்டுக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு படி இருக்கும். அதை மடித்த போர்வையால் நிரப்பாவிட்டால் காலையில் இடுப்பு பேசும். முன்சீட்டுக்குப் பின்னால் விழும் பள்ளத்தில் தண்ணீர் கேன்களை அடுக்கினால் பள்ளமும் அடையும், கேனும் உருளாது. பின்சீட்டு மடங்காத வண்டியில் டிரைவருக்குப் பக்கத்திலுள்ள சீட்டை முழுதாகச் சாய்த்து, கால் வைக்கும் பள்ளத்தைப் பையால் நிரப்பிக் காலைச் சமமாக நீட்டுங்கள். காலைத் தொங்கவிட்டே தூங்கினால் வீங்கும்.

காற்றடித்த மெத்தை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள்தான் இரவில் அதிகம் நடுங்குகிறார்கள். உள்ளே இருக்கும் காற்று சுழன்று உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் ஒரு நுரை விரிப்பைப் போடுங்கள். விரிப்பு வாங்கும்போது ஆர் மதிப்பைப் (R-value, தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு) பாருங்கள்: மிதமான இரவுக்கு 2, உறைநிலையை ஒட்டிய குளிருக்கு 4க்கு மேல். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்பநிலைகள் போட்டிருப்பார்கள். வசதியாகத் தூங்கக்கூடியது என்று குறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். அதற்குக் கீழே இருப்பவை தாங்கிக்கொள்ளும் எல்லையைச் சொல்பவை. கார் காற்றைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. விடியும்போது உள்ளேயும் ஏறக்குறைய வெளியிலுள்ள அதே குளிர்தான்.

எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுப் படுப்பது அடுத்த தவறு. ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய ஒரு டம்ளர் நீர் ஆவியாகிறது. கண்ணாடியில் அது நீராகப் படிந்து காலையில் போர்வை நசநசத்துப் போகும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிகளை 2 சென்டிமீட்டர் இறக்கி வையுங்கள். மழை பெய்தால் காற்று அடிக்காத பக்கம் மட்டும். கொசுவலையைக் கதவின் மேற்பகுதியைவிட எல்லாப் பக்கமும் 15 சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, கதவின் மேல் மாட்டி மூடினால் கதவே அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றக் கண்ணாடிகளுக்கு அட்டையையோ வெயில் மறைப்பையோ அளவாக வெட்டி வைத்தால் உள்ளே எரியும் விளக்கு வெளியே தெரியாது. தனியாக இருப்பது வெளியே தெரியாமலிருப்பதே ஒரு பாதுகாப்பு.

இதில் மட்டும் விதிவிலக்கே வேண்டாம்: இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள், காருக்குள் அடுப்போ கரியோ பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சைலன்சர் வாயைச் சேறோ பனியோ அடைத்தால் புகை உள்ளே திரும்பும். தூக்கத்தில் இருப்பவர் விழிக்கவே மாட்டார். பேட்டரியில் ஓடும் சின்ன எச்சரிக்கைக் கருவி ஒன்று கிடைக்கிறது. வாங்கித் தலைமாட்டில் வையுங்கள்.

தண்ணீர் கணக்கு: குடிக்க 4 லிட்டர், சமைக்க 1, கழுவ 1, ஆக ஒரு நாளைக்கு 6. இரண்டு இரவு என்பது மூன்று பகல், அதனால் 18. வண்டி சிக்கிக்கொண்டால் ஒரு நாள் கூடுதலாக 6. மொத்தம் 24 லிட்டர். கடும் வெயிலில் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். இதை 20 லிட்டர் கேனில் எடுத்துப்போகாதீர்கள். ஒரு மூடி கசிந்தால் மொத்தமும் போய்விடும். 20 கிலோவை இருட்டில் தனியாளாகத் தூக்கிச் சரிக்கவும் முடியாது. ஐந்து லிட்டர் கேன் ஐந்து சரியாக இருக்கும். கை கழுவுவதற்கு மட்டும் குழாய் வைத்த கேன் ஒன்று.

ஓடைத் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள். வேறு வழியில்லை என்றால் தளதளவென்று கொதித்த பின் 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேலான உயரத்தில் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கையடக்க இழை வடிகட்டிகள் பாக்டீரியாவை நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. ஒருமுறை நனைந்தபின் உறைந்துவிட்டால் உள்ளே இழை வெடித்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. பூச்சிமருந்தும் சுரங்கக் கழிவும் கலந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் சுத்தமாகாது.

கழிவறை விஷயம். பலரும் கேட்கத் தயங்குவதும், கடைசி நேரத்தில் திண்டாடுவதும் இதில்தான். குழி தோண்ட அனுமதி உள்ள மண் தரையென்றால், நீர்நிலை, பாதை, படுக்கும் இடம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர், அதாவது 80 எட்டுக்குக் குறையாமல் தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி எடுங்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் நல்லது என்று தோன்றும். ஆனால் மட்கச் செய்யும் உயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். குழியை வெளிச்சம் இருக்கும்போதே தோண்டி, பக்கத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு அவசரத்தில் தோண்டுவது நடக்காத காரியம். பாறை, மணல், தோண்டத் தடையுள்ள இடம் என்றால் மூடி போட்ட 15 லிட்டர் வாளிக்குள் இரண்டு கனமான பைகள், ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கைப்பிடி மரத்தூள். முடிச்சுப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். டிஷ்யூவும் நாப்கினும் எந்த இடத்திலும் புதைக்கக் கூடாது, விலங்குகள் கிளறிப் போட்டுவிடும். கொளுத்தவும் கூடாது, காட்டுத்தீ அப்படியும் தொடங்கும். இரவில் சிறுநீருக்கு அகன்ற வாயுள்ள 1 லிட்டர் பாட்டில், மேலே பெரிதாகக் குறி போட்டது. பெண்களுக்கென்று புனல் கிடைக்கிறது, வீட்டுக் குளியலறையில் நாலு தடவை பழகிவிட்டுக் கொண்டுபோங்கள். கையைச் சோப்பு போட்டே கழுவுங்கள். வயிற்றுப்போக்கைத் தரும் சில கிருமிகளுக்கு சானிடைசர் போதாது.

சமையலுக்கு ஒற்றை பர்னர், ஒரே பாத்திரம். அடுப்பு காருக்கு வெளியே, காற்றடிக்கும் திசைக்கு மறைவாக. காற்றில்லாத இடத்தில் 1 லிட்டர் கொதிக்க சுமார் 12 முதல் 15 கிராம் கேஸ் ஆகும், காற்று வீசினால் இரட்டிப்பாகவும் ஆகலாம். கேஸ் கேனைச் சுற்றித் தகடு வைத்து மூடாதீர்கள், சூடேறி வெடிக்கும். வெறும் பியூட்டேன் நிரப்பிய கேன் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் வாயுவாகாது. அடுப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் பார்ப்பார்கள். குளிர் இடத்துக்கு புரோப்பேன் கலந்ததை வாங்குங்கள். ஒரு வேளைக்காவது சமைக்காமலே சாப்பிடக்கூடியது கையில் இருக்கட்டும். ஐஸ் பெட்டி இல்லாமல் கெடாத உணவாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு தலைவலி குறையும். மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள். கரடி நடமாடும் பகுதியென்றால் காருக்குள் உணவு வைக்கலாமா என்பதற்கே தனி விதிகள் உண்டு, போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, பாருங்கள். வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். கடையில் மெஷின் வைத்து முடுக்கிய நட்டு, வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனருக்கு அசையாது என்பது அப்போதுதான் தெரியும். நீளமான கைப்பிடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுத் தடுப்பு நட்டு இருந்தால் அதன் சாவி எங்கே என்று தேடி எடுத்து வையுங்கள். இளகிய மண்ணில் ஜாக்கி தரைக்குள் இறங்கும், வண்டி ஏறாது. 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 2 சென்டிமீட்டர் தடித்த பலகை அடியில் வைக்க வேண்டும். ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் அடைக்கும் பசை பாட்டில் மட்டும் வரும் கார்களில், டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. அப்படிப்பட்ட வண்டியில் கல் பாதைக்குள் போகவே வேண்டாம்.

சேற்றிலோ மணலிலோ சக்கரம் சுற்றத் தொடங்கிய அந்த நொடியே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். இன்னும் ஒரு மிதி மிதித்தால் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அச்சு வரை புதைக்கிறது. டயருக்கு முன்னாலும் பின்னாலும் மண்ணை வாரி, காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். வெளியே வந்ததும் காற்றை ஏற்றாமல் வேகமாக ஓட்டக் கூடாது. அதனால் 12 வோல்ட் பம்ப் அவசியம். சந்தேகமான இடத்தை வண்டியில் கடக்குமுன் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் புதைந்தால் டயரும் புதையும். காய்ந்திருக்கும்போது சுலபமாக வந்த களிமண் பாதை, இரவு மழைக்குப் பின் அதே வண்டியை விடாது.

பேட்டரி தீர்ந்தால் கேபிள் மட்டும் வைத்து என்ன செய்வது, பக்கத்தில் இன்னொரு வண்டி வேண்டுமே. வேறு வண்டி இல்லாமலே இன்ஜினை எடுக்க உதவும் சின்ன பேட்டரியான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை முழுதாகச் சார்ஜ் செய்து எடுத்துப்போங்கள். டிக்கி திறந்தே கிடந்தால் உள்விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதை ஆஃப் நிலையிலேயே வைத்துவிடுங்கள். போனுக்கு பவர் பேங்க் தனியாக. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 5,000 எம்ஏஎச் போனை 4 தடவை ஏற்றும் என்று கணக்குப் போடாதீர்கள், இழப்பு போக மூன்றைத் தொட்டாலே அதிகம். எரிபொருள், இடத்தை அடையும்போது பாதி டேங்குக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டாவது சாவி உடம்போடு. காய்ந்த உயரமான புல் மேல் நிறுத்தாதீர்கள். வண்டிக்கடியில் புகைக்குழாய்ப் பகுதி கொதிக்கும் சூட்டில் இருக்கும், புல் பற்றிக்கொள்ளும்.

போகுமுன் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: வண்டி எண், நிறம், போகும் பாதை, தங்கும் இடத்தின் ஆயத்தொலைவு எண்கள் (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்கள்), திரும்பிச் செய்தி அனுப்பும் நேரம். அதைவிட முக்கியம், செய்தி வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரை அழைப்பது என்பது. "போன் வரலேன்னா பாத்துக்கோ" என்று சொன்னால், அவர் மறுநாள் வரை யோசித்துக்கொண்டிருப்பார். இடத்தை மாற்றினால் அவருக்குத் தெரியப்படுத்திய பிறகே மாற்றுங்கள். போகும் வழியில் சிக்னல் கடைசியாக எங்கே கிடைத்தது என்று வண்டியின் கிலோமீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள்; அவசரத்தில் எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்பது அதில் தெரியும். வரைபடத்தைப் போனில் இறக்கி, வீட்டிலேயே டேட்டாவை அணைத்துச் சோதியுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும், ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

இடத்துக்குச் சூரியன் மறைய 2 மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். வறண்ட ஓடைப்படுகை சமமாக, அழகாக இருக்கும். ஆனால் மேலே எங்கோ பெய்த மழையின் வெள்ளம் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். பள்ளத்தின் அடியில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும். உடைந்த பாட்டிலும் புதிய டயர் தடமும் கிடந்தால் அங்கே இரவில் ஆள் வருகிறது என்று பொருள். அடுத்த இடத்துக்குப் போங்கள். அந்த அடுத்த இடம் வீட்டிலேயே முடிவு செய்து வைத்ததாக இருக்க வேண்டும், இருட்டில் தேடிக் கண்டுபிடிப்பதாக அல்ல. வண்டியின் மூக்கு வெளியேறும் பாதையைப் பார்த்து நிற்கட்டும். இடி மின்னல் வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள், இரும்புக் கூரை உள்ள கார் பாதுகாப்பானது. மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். குடித்தவரால் நடுராத்திரியில் கிளம்ப முடியாது. கோடரியையும் முதல் பயணத்தில் வீட்டிலேயே விடுங்கள். வழக்கமான மருந்துகளை ஒரு நாள் கூடுதலாகவும், காயக் கட்டும் ஓஆர்எஸ் பொட்டலமும் ஒரே பையில் வையுங்கள்.

இத்தனையையும் சேகரித்த பிறகு, கிளம்பும் வாரத்துக்கு முந்தைய வாரம் வீட்டு வாசலிலோ பாதுகாப்பான நிறுத்துமிடத்திலோ ஓர் இரவு காருக்குள்ளேயே தூங்குங்கள். வீட்டுக்குள் போகக் கூடாது என்பது விதி. எதை எடுக்க உள்ளே ஓடத் தோன்றியதோ அதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் உண்மையான பட்டியல் அதுதான். விளக்கை அணைத்துவிட்டு டார்ச், சாவி, பாட்டில், செருப்பு நான்கையும் தடவியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு டிரைவர் சீட்டுக்கு ஒருமுறை நகர்ந்து பாருங்கள். முடியவில்லை என்றால் படுக்கையை மாற்றிப் போடுங்கள்.

திரும்பும் நாள் காலையில் படுக்கையைச் சுருட்டும் முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். எடுக்கவில்லை என்றாலும் முழுப் பகலும் தண்ணீரும் கையில் இருக்கும். மிச்சத் தண்ணீரைத் தார் ரோட்டைத் தொட்ட பிறகே கொட்டுங்கள்.