கத்தி வைக்காத சிகிச்சை: காசுக்கு என்ன வழி?

புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. அறுவை இல்லாமல் கதிர்வீச்சிலேயே குணமாகக்கூடியவர்கள் செலவுக்குப் பயந்து நாளைக் கடத்துவது மனத்தை வருத்துகிறது. அதனால் அவற்றுக்கே இன்று முழு இடமும்.

அப்பாவுக்கு 71 வயது. கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்கிறார்கள். நாங்கள் விவசாயக் குடும்பம். முதலமைச்சர் காப்பீட்டில் இதற்கு இடம் உண்டா? (தென்காசி வாசகி)

உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். கட்டிய பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். திசுப் பரிசோதனை முடிவையும் ஸ்கேன் அறிக்கையையும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கொடுத்து, முன் அனுமதி வந்த பிறகே சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள். மருத்துவமனையின் பெயர் திட்டத்தின் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. கதிர்வீச்சுக்கும் அங்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓர் இடத்தில் 39 முறை கதிர்வீச்சு என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 20 முறை. குறைத்தால் நோய் திரும்பிவிடாதா? (கும்பகோணம் வாசகர்)

திரும்பிவிடாது. 2016இல் வெளியான பிரிட்டனின் சிப் ஆய்வில், 37 முறையில் 74 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெற்றவர்களைவிட 20 முறையில் 60 கிரே பெற்றவர்கள் சற்றும் பின்தங்கவில்லை. நோய் பரவாமல், அபாயம் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்கு 5 முறையே போதும் என்பதை 2024இல் வெளியான பேஸ்-பி ஆய்வு காட்டியது.

உங்கள் செலவைத் தீர்மானிப்பது இந்த எண்தான். 39 முறை என்றால் ஏறக்குறைய எட்டு வாரம். 20 முறை என்றால் நான்கு வாரம். அத்தனை நாளும் ஊர் விட்டு ஊர் வந்து தங்க வேண்டும், கூட வரும் மகனின் சம்பளமும் போகும். தினமும் பஸ்ஸில் வந்து போகலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மேசையில் படுக்கும்போது சிறுநீர்ப்பை ஒவ்வொரு நாளும் ஒரே அளவு நிறைந்திருக்க வேண்டும். குடலோ காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு, முறை வரும்வரை காத்திருப்பது எழுபது வயதுக்காரருக்கு எளிதன்று. மூன்று மணி நேரப் பயணமும் சேர்ந்தால் தாங்காது. ஆகவே பக்கத்திலேயே அறை எடுங்கள். நாட்களைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ரயிலில் வருவதானால், சிகிச்சைக்குப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை. உடன் வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் சான்று படிவத்தை முன்பதிவு மையத்தில் காட்ட வேண்டும்.

ஐந்து முறை கதிர்வீச்சு பெற்றேன். இரவு தங்கவில்லை, நவீன சிகிச்சை என்ற காரணங்களைச் சொல்லித் தனியார் காப்பீட்டில் மறுத்துவிட்டார்கள். (கோவை வாசகர்)

அவர்கள் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் பன்னிரண்டு நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றை விலக்கக் கூடாது என்றது. நீங்கள் பெற்றதுபோல் சில முறையிலேயே முடியும் துல்லியக் குறிக் கதிர்வீச்சும், ஒலி அலைகளைக் குவித்துக் கட்டியை அழிக்கும் சிகிச்சையும் அதில் இருக்கின்றன. உள்நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பகல்நேரச் சிகிச்சையானாலும் சரிதான். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு வைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பலர் இடறுவது இங்கேதான், பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அறுவை ஏன் தேவையில்லை, ஐந்து முறை ஏன் போதும் என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் பெற்று நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம்.

நிலத்தை விற்றாவது புரோட்டான் சிகிச்சை (எக்ஸ்-கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைச் செலுத்தும் கதிர்வீச்சு) எடுக்கலாமா? (விழுப்புரம் வாசகர்)

வேண்டாம். சென்னையில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது. குழந்தைகளின் புற்றுநோய்க்கும் மண்டையோட்டின் அடிப்பகுதியில் வரும் கட்டிகளுக்கும் அதன் அருமை பெரிது. புரோஸ்டேட்டில் கதை வேறு. 2024இல் வெளியான அமெரிக்கப் பார்ட்டிகோல் ஆய்வில், வழக்கமான நவீன எக்ஸ்-கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் புரோட்டான் பெற்றவர்களுக்கும் நோய்க் கட்டுப்பாட்டிலும் குடல் தொல்லையிலும் வேறுபாடு தெரியவில்லை. நிலம் குடும்பத்துக்கு இருக்கட்டும்.

கிளீசன் மதிப்பெண் 6. சிகிச்சையே வேண்டாம், கண்காணிப்போம் என்கிறார் மருத்துவர். பணமில்லாதவன் என்பதாலா? (மதுரை வாசகர்)

இல்லை ஐயா. கிளீசன் என்பது திசுப் பரிசோதனையில் நோயின் வேகத்தைக் காட்டும் எண், 6 என்றால் மெதுவாக வளரும் வகை. வசதி உள்ளவருக்கும் இதைத்தான் சொல்லியிருப்பார். பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வு 1,643 பேரைப் பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தது. கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என எந்த வழியில் போனவர்களிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூவரே. பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையையும், மருத்துவர் சொல்லும் நாளில் ஸ்கேனையும் தவறவிடாதீர்கள். இவை புறநோயாளிச் செலவு என்பதால் பெரும்பாலும் காப்பீட்டில் வராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவில் பதிந்துகொண்டால் அந்தச் சுமையும் குறையும்.