ஸ்கேன் முடிந்த பிறகு பார்க்க வேண்டியவை

கேள்வி: மகன் போட்ட கிராக் (லைசென்ஸை உடைத்த திருட்டு) சாஃப்ட்வேரால் எங்கள் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது. ஸ்கேன் செய்து நீக்கியாயிற்று. இப்போது குரோமில் எந்தத் தளமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் போன் நன்றாக வேலை செய்கிறது. நெட் கம்பெனியில் கேட்டால் லைன் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அவர்கள் சொல்வது சரிதான். சில வைரஸ்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி சர்வரை ஓட்டி, பிரவுசரை அதன் வழியாகத் திருப்பிவிடும். ஸ்கேனர் புரோகிராமை நீக்கிவிட்டது. திருப்பிவிட்ட செட்டிங் அப்படியே இருக்கிறது. ஆளில்லாத டோல்கேட்டில் வண்டி நிற்கிற கதைதான்.

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'பிராக்ஸி'. பிரவுசரை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செட்டிங் இதுதான். அங்கே 'யூஸ் எ பிராக்ஸி சர்வர்' ஆனில் இருந்து, முகவரி 127.0.0.1 என்றிருந்தால் ஆஃப் செய்யுங்கள். அந்த எண் உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும். 'யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்' என்பதையும் நீங்களாகப் போடவில்லையென்றால் அணைத்துவிடுங்கள். நெட் வந்துவிடும். ரீஸ்டார்ட் செய்ததும் பிராக்ஸி தானாகவே மறுபடி ஆன் ஆகிறதா? அப்படியானால் எதுவோ இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி ஸ்கேன் செய்யலாம். அதற்கு முன் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்‌ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்' வழியாகப் போய், கீழே உள்ள 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். ஸ்கேனர் தொடக்கூடாத இடங்களின் பட்டியல் அது. முழு சி டிரைவையே அதில் சேர்த்துவிடும் வைரஸ்கள் உண்டு. பிறகு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் 'பிரச்சினை எதுவும் இல்லை' என்றுதான் வரும். கிராக் ஃபைலோடு வரும் குறிப்பிலேயே 'இந்த ஃபோல்டரை எக்ஸ்குளூஷனில் சேர்' என்று எழுதியிருப்பார்கள், மகனிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலையை முதலில் சேவ் செய்துகொள்ளுங்கள்.

மகனுக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் போதும்.

கேள்வி: வைரஸை நீக்கிவிட்டோம். பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டுமா? எப்படியும் ஓடிபி வருகிறதே?
– வாசகர், ஆம்பூர்

பதில்: கட்டாயம் மாற்ற வேண்டும், அதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் அல்ல, வேறொரு சுத்தமான போனில். தகவல் திருடும் வைரஸ்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டோடு குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். 'இவர் ஏற்கெனவே லாகின் ஆனவர்' என்பதற்கான சீட்டு குக்கீயில் இருக்கிறது. அதை வைத்து உள்ளே நுழைபவரிடம் பல தளங்கள் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

முதலில் ஈமெயில். மற்ற எல்லாக் கணக்குகளின் ரீசெட் லிங்கும் அங்கேதான் வரும். பாஸ்வேர்டை மாற்றியதும் கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதியில் சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, தெரியாததையும் அந்தக் கம்ப்யூட்டரையும் வெளியேற்றுங்கள். ரெக்கவரி போன் நம்பர் உங்களுடையதுதானா? ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் பாருங்கள். பலரும் விட்டுவிடுகிற இடம் இது. வங்கி மெயில் வந்தவுடன் குப்பைக்குப் போகும்படி திருடர் ஒரு ஃபில்டர் போட்டிருந்தால் உங்களுக்கு எச்சரிக்கையே தெரியாது. பிறகு வங்கி, அடுத்து வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்'. பணம் போயிருந்தால் இதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி: பழைய ரீஸ்டோர் பாயின்ட்களை அழிக்கலாமா? போட்டோக்கள் போய்விடுமா?
– வாசகர், கரூர்

பதில்: போட்டோக்கள் போகாது. ரீஸ்டோர் பாயின்ட் என்பது விண்டோஸின் பழைய நிலையைச் சேமித்து வைத்த பதிவு. ஆனால் ஸ்கேன் முடிந்து, கம்ப்யூட்டர் சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகே அழியுங்கள். சுத்தம் செய்யும்போது விண்டோஸ் கெட்டுப்போனால் திரும்பிப் போக அது ஒரு வழி. 'சிஸ்டம் புரொடக்‌ஷன்' பகுதியில் 'கான்ஃபிகர்' அழுத்தினால் 'டெலீட்' இருக்கும். அழித்த கையோடு 'கிரியேட்' அழுத்திப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.