2,64,300 சதுர மைல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனி அமெரிக்காவில் பரப்பிய வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். ஒரு படத்தில் பிரம்மாண்டமான பிரிட்டிஷ் சாம்ராஜ்யம், இன்னொன்றில் துக்கடா ஜெர்மனி. இதில் பொய் எங்கே? வெள்ளைக்காரன் உலகத்தையே வளைத்துப் போட்டது உண்மைதானே? நாஜிகள் சொன்னார்கள் என்பதற்காகப் பிரச்சாரம் என்று தள்ளிவிட வேண்டுமா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தள்ள வேண்டாம். நீங்கள் சொல்வது 1940 பிப்ரவரியில் 'ஃபேக்ட்ஸ் இன் ரிவ்யூ' இதழில் வந்த படம் என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் இருந்த ஜெர்மன் அரசின் தகவல் நூலகம் வெளியிட்ட இதழ் அது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் 1,33,20,854 சதுர மைல், ஜெர்மனி 2,64,300. ஐம்பது மடங்கு வித்தியாசம். இதில் யார் ஆக்கிரமிப்பாளன், நீங்களே சொல்லுங்கள் என்கிறது படம்.

அந்தப் பெரிய எண்ணோடு எனக்குத் தகராறு இல்லை. பிரிட்டிஷ் தரப்பே மார்தட்டிக்கொண்ட சங்கதிதான் அது. 1898 கிறிஸ்துமஸுக்குக் கனடா இரண்டு சென்ட் தபால்தலை ஒன்றை வெளியிட்டது. கட்டைவிரல் அகலத்தில் ஓர் உலக வரைபடம். சாம்ராஜ்யத்து நாடுகளெல்லாம் சிவப்பு. இதுவரை இருந்ததிலேயே பெரிய சாம்ராஜ்யம் எங்களுடையது என்ற பொருளில் அடியில் ஒரு வரி. துருவத்துப் பக்கம் போகப்போக நாடுகளைப் பெரிதாகக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வரைந்ததால் கனடா வேறு ஊதிப் பெருத்திருக்கும். அங்கே ஜம்பமாக இருந்தது, நாற்பத்திரண்டு வருஷம் கழித்துக் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது.

சின்ன எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 1937இல் ஜெர்மனியின் பரப்பு ஏறத்தாழ 1,81,000 சதுர மைல்தான். மூன்றே வருஷத்தில் எண்பதாயிரத்துக்கு மேல் எங்கிருந்து வந்தது? 1938இல் ஆஸ்திரியா, அதே வருஷம் செக்கோஸ்லோவாகியாவின் சுடெட்டன் பகுதி, 1939இல் போலந்தின் மேற்குப் பக்கம். பக்கத்து மனைக்குள் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டு, "என் இடம் எத்தனூண்டு பாருங்க" என்று ஊரைக் கூட்டுகிற கதை. திருட்டுச் சொத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டியும் அது சின்னதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆப்பிரிக்காவில் அப்போது ஜெர்மனிக்குக் காலனி இல்லாததும் நல்ல மனசால் அல்ல. முதல் போரில் தோற்று, 1919இல் வெர்சாய் உடன்படிக்கையில் பறிகொடுத்தது. அதற்கு முன்னால், 1904 முதல் 1908 வரை, இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்தவர்கள் யார்?

நம் நாடும் அந்த 1,33,20,854க்குள் அடக்கம். நம்மை விட்டுவிடச் சொல்லி அந்தப் படம் யாரிடமும் வாதாடவில்லை. அமெரிக்கா போரில் இறங்காமல் இருந்தால் போதும், அதற்கு நம் பரப்பளவு உதவியது.

அப்புறம், படம் வந்த இரண்டாவது மாதமே டென்மார்க்குக்குள்ளும் நார்வேக்குள்ளும் ஜெர்மன் படை நுழைந்தது. மே மாதம் ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ். அந்த நூலகத்தை 1941 ஜூனில் அமெரிக்க அரசு இழுத்து மூடச் சொல்லிவிட்டது.