ரூட் செய்த டேப்லெட்டுக்கு அப்டேட் போடலாமா?

கேள்வி: என்னிடம் சிம் போடும் வகை சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7 இருக்கிறது. விளம்பரத் தொல்லை தாங்காமல் தங்கை மகனிடம் கொடுத்தேன். அவன் அதை 'ரூட்' செய்து, அதாவது கம்பெனி தராத முழுக் கட்டுப்பாட்டையும் திறந்து, கொடுத்தான். இப்போது அவன் வெளிநாட்டில். சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தொட்டால், இயங்குதளம் அனுமதியின்றி மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரு செய்தி வருகிறது. வங்கிச் செயலியும் திறக்க மறுக்கிறது. பக்கத்துக் கடைக்காரர், 1,200 ரூபாய் கொடுத்தால் ஆண்ட்ராய்டு 14 போட்டுத் தருகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கொடுக்கலாமா?
- ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி

பதில்: கொடுக்காதீர்கள். இந்த டேப்லெட்டில் வங்கிச் செயலி உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் டேப்லெட் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும், அப்டேட்டை மறந்துவிடுங்கள். வேண்டும் என்றால் ரூட்டை அடியோடு நீக்கி, கம்பெனி சாஃப்ட்வேருக்கு முழுதாகத் திரும்ப வேண்டும். பாதிக் கிணறு தாண்டுவது இதில் நடக்காது. கடைக்காரர் காசு கேட்பதோ அந்தப் பாதிக் கிணற்றுக்குத்தான்.

நீங்கள் அஞ்சல் துறையில் இருந்தவர், இது சட்டென்று புரியும். இன்ஷூர் செய்த பார்சல் ஒன்று அரக்கு முத்திரை உடைந்து வந்தால், உள்ளே பொருள் பத்திரமாகவே இருந்தாலும் நீங்கள் பேசாமல் வாங்கி வைக்க மாட்டீர்கள். டேப்லெட்டிலும் அதே கதை. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் முத்திரைகளைச் சரிபார்க்கிறது. ரூட் செய்ய நினைப்பவர் முதலில் அந்தப் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அப்புறம் டேப்லெட்டைத் தொடக்கிவைக்கும் 'பூட்' பகுதிக்குள், ரூட் அதிகாரம் தரும் மேஜிஸ்க் போன்ற ஒரு நிரலை நுழைக்க வேண்டும். உங்கள் மருமகன் செய்தவை இந்த இரண்டும். நுழைத்ததை எடுத்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். வங்கிச் செயலியோ பூட்டு திறந்து கிடக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

கடையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒடின் என்ற விண்டோஸ் நிரலைக் கொண்டு சாம்சங்கின் கோப்பை உங்கள் டேப்லெட்டில் ஏற்றுவார்கள். இருபது நிமிட வேலை. ரூட் போய்விடும், திரை பளிச்சென்று புதிதாக இருக்கும். நீங்களும் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். வீட்டுக்கு வந்து வங்கிச் செயலியைத் திறந்தால் அதே மறுப்பு. காரணம், பூட்லோடரைத் திரும்பப் பூட்டவில்லை. மறுநாள் போய் நின்றால், "இதுக்கு வேற சாஃப்ட்வேர் போடணும் சார், அது தனி" என்பார்கள். இப்படி மூன்று முறை பணம் கட்டிய பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. மூன்றாவது கடையில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்களாம்! பூட்டாமல் விட்டதற்கு அடையாளம் எளிது: டேப்லெட்டை ஆன் செய்ததும், பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்து போகும். அது வந்துகொண்டே இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

அடுத்தது அந்த ஆண்ட்ராய்டு 14. உங்கள் டேப்லெட் 2020-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்தது. சாம்சங் அதற்குக் கடைசியாகக் கொடுத்தது ஆண்ட்ராய்டு 12. ஆகவே 14 என்று ஒருவர் சொன்னால் அது சாம்சங்கின் சரக்கு இல்லை, வெளி ஆட்கள் தயாரித்தது. அதில் நல்லதும் உண்டு, டெலிகிராம் குழுவில் யாரோ போட்டுவிட்ட அநாமதேயக் கோப்பும் உண்டு. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் பெயர் என்ன, எந்தத் தளத்திலிருந்து இறக்கினீர்கள்?" பதில் சொல்லத் திணறினால் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சொன்னாலும்கூட, வெளி ஆட்களின் இயங்குதளத்துக்குப் பூட்லோடர் திறந்தே இருக்க வேண்டும். உங்கள் வங்கிச் செயலிப் பிரச்சினை அப்படியே நிற்கும். நீங்கள் கேட்பது ஒன்று, அவர் கொடுப்பது வேறொன்று.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ரூட் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறார்கள். மருமகன் உங்கள் டேப்லெட்டில் ஏற்கெனவே லீனியேஜ்ஓஎஸ் போட்டிருந்தால் என் பதில் மாறும். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற பழைய மாற்று ஆண்ட்ராய்டு மூடப்பட்டபோது அதிலிருந்து கிளைத்த இயங்குதளம் இது. தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள், உங்கள் மாடலும் அதன் அதிகாரபூர்வப் பட்டியலில் வந்த ஒன்று. ஆன் செய்யும்போது சாம்சங் பெயருக்குப் பிறகு ஒரு வளைகோட்டில் மூன்று வட்டங்கள் அசைந்தால் அதுதான். அதற்கென்று சொந்தமாக ஓர் அப்டேட்டர் இருக்கிறது. அதில் வரும் அப்டேட்டைத் தயங்காமல் போடலாம், ஆனால் பதிப்பு எண் மாறாமல் இருக்கும்வரை மட்டும். 20-லிருந்து 20-க்கு வருவது பாதுகாப்பு ஒட்டு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் சின்னத் திருத்தம்; போடுங்கள். 20-லிருந்து 21-க்குப் போவது ஆண்ட்ராய்டு 13-லிருந்து 14-க்குப் போவது. அதைக் கணினி வழியாகத்தான் செய்ய வேண்டும். கூகுள் செயலிகளின் தொகுப்பையும் புதிய பதிப்புக்கு உரியதாக, முதல்முறை ஆன் ஆவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். அதை மறந்தவர்கள் பிளே ஸ்டோர் விடாமல் நின்றுபோகிறது என்று புலம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு வரும் அந்த எச்சரிக்கை வாசகம் சாம்சங்கினுடையது. அதனால் உங்களிடம் இருப்பது சாம்சங் சாஃப்ட்வேர், அதன்மேல் ரூட் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மற்ற கம்பெனி டேப்லெட்டுகளுக்கு வழிமுறை வேறு. அதை இங்கே இழுக்கவில்லை.

சரி, கம்பெனி சாஃப்ட்வேருக்குத் திரும்புவது என்று முடிவு செய்தால்? முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள்: படங்கள், வாட்ஸ்அப், தொடர்பு எண்கள். பூட்லோடரைத் திரும்பப் பூட்டும்போது உள்ளே இருப்பது அத்தனையும் அழியும், தப்பிக்க வழியில்லை. "டேட்டா போகாம பண்ணித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் பூட்டப் போவதில்லை என்று அர்த்தம். வரிசை முக்கியம். முதலில் சாம்சங் கோப்பு முழுவதையும் ஏற்ற வேண்டும். ஒருமுறை ஆன் செய்து ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் பூட்ட வேண்டும். மாற்றிய சாஃப்ட்வேர் உள்ளே இருக்கும்போதே பூட்டினால் டேப்லெட் எழுந்திருக்காது.

கோப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. அமைப்புகளில் பில்ட் எண்ணைப் பாருங்கள். உங்கள் சிம் மாடலான டி505-இல், சாம்சங் கோப்பின் முக்கியப் பகுதியான 'ஏபி'-யின் பெயர் நீளமாக இருக்கும். அதில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்துதான் பூட்லோடரின் எண். அது இப்போது 3 என்றால் 3 அல்லது அதற்கு மேற்பட்டதையே ஏற்ற முடியும். 2 என்று இருக்கும் பழைய கோப்பை டேப்லெட் ஏற்காது. கோப்பு இலவசம். சாம்சங் சர்வரிலிருந்தே இறக்கித் தரும் கருவிகள் இருக்கின்றன. இதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஒன்று திரும்பி வராது. முதல்முறை ரூட் செய்தபோதே உள்ளே நாக்ஸ் என்ற மின்னணு ஃப்யூஸ் எரிந்துவிட்டது. அது 0-விலிருந்து 1 ஆனால் ஆனதுதான். சாம்சங்கின் ரகசியப் பெட்டகமான செக்யூர் ஃபோல்டர் இனி அந்த டேப்லெட்டில் இயங்காது. வங்கிச் செயலிகள் பொதுவாக நாக்ஸைப் பார்ப்பதில்லை, கூகுளின் சோதனையைத்தான் நம்புகின்றன. அதனால் அவை திரும்ப வேலை செய்யும்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். பல வருடங்களாக ஒரு பாதுகாப்பு ஒட்டுகூட வராத பழைய போனில் வங்கிச் செயலி சமர்த்தாகத் திறக்கிறது. போன வாரம்தான் ஒட்டுப் போட்ட லீனியேஜ் டேப்லெட்டைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. ஒரு கம்பெனி நான்கைந்து வருடத்தில் கையைக் கழுவிவிட்டு, வேறொருவர் உயிர் கொடுத்தால் "அனுமதியின்றி மாற்றப்பட்டது" என்று எழுதிக் காட்டுகிறது. யாருடைய அனுமதி? காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20-க்குப் பிறகு சந்தைக்கு வரும் டேப்லெட்டுகளுக்கு, விற்பனையை நிறுத்திய பிறகும் 5 ஆண்டுகள் அப்டேட் கொடுத்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நாம் இங்கே கடைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

யாரிடம் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. உங்களுடையது சிம் மாடல், அதற்கு ஐஎம்இஐ என்ற 15 இலக்க அடையாள எண் உண்டு. பெட்டியிலும் அமைப்புகளிலும் இருக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தப்பான கோப்பை ஏற்றி அந்த எண்ணைத் தொலைத்துவிட்டு, "ஐஎம்இஐ ரிப்பேர்" என்று இன்னொரு பில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். கருவிக்குள் வேறு எண்ணை எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது சாதாரணத் தில்லுமுல்லு அல்ல. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்ப வாங்கியதும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்த எண் எந்தக் கருவியுடையது என்று பதில் வரும். கடவுச்சொல்லைச் சொல்லி ஒரு ராத்திரி கடையிலேயே விட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டாம். எதிரே உட்கார்ந்து முடித்து வாங்குங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்த பிறகு கொடுங்கள்.

இப்படியே விட்டுவிட்டால் ஆபத்தா என்ற பயம் இருக்கும். கொஞ்சம் உண்டு, ஆனால் நிராயுதபாணியாக நிற்கவில்லை. குரோம், வெப்வியூ, பிளே சர்வீசஸ் எல்லாம் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10 முதல் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்று சில உட்பகுதிகளும் அப்படியே வருகின்றன. செய்தி படிக்க, யூடியூப் பார்க்க, பேரப்பிள்ளைகளோடு பேச இந்த டேப்லெட் போதும். வங்கிக் கணக்கைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மேஜிஸ்க் செயலி கேட்கும் அனுமதிகளுக்கு மட்டும், எதற்கென்று தெரியாவிட்டால், மறுப்பையே அழுத்துங்கள்.

விளம்பரத்துக்காக ரூட்டே தேவைப்பட்டிருக்காது என்பது தனி வருத்தம். ஆண்ட்ராய்டு 9 முதல் இணைப்பு அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஆட்கார்டு என்ற விளம்பரத் தடுப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் முகவரியைப் போட்டால் செய்தித் தளங்களிலும் விளையாட்டுகளிலும் வரும் விளம்பரங்களில் பெரும்பகுதி நின்றுவிடும். யூடியூப் விளம்பரம் நிற்காது.

திரும்புவது என்று முடிவு செய்தால், கடைக்கு முன்னால் மருமகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பிடியுங்கள். ஒரு விண்டோஸ் லேப்டாப்பும் நல்ல யூஎஸ்பி கேபிளும் இருந்தால், அங்கிருந்து அவன் சொல்லச் சொல்ல இங்கே யாராவது ஒருவர் செய்துவிடலாம், இரண்டு மணி நேரம் ஆகும். எந்தக் கோப்பை வைத்து ரூட் செய்தான், வேறு எதையாவது மாற்றினானா என்பது அவனுக்கு மட்டுமே தெரியும்.