அலெக்சாந்தர் டூப்செக்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

1968-இல் செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு முதல் செயலாளராக இருந்து, உள்ளிருந்தே அந்தக் கட்சியைத் திருத்தப் பார்த்த டூப்செக்கைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: அவர் செக் இனத்தவர் அல்ல, ஸ்லோவாக். அவர் அரசியலில் பாதி இதில்தான் இருக்கிறது.

ஐயா, அவர் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவரா, பெரிய இடத்துப் பிள்ளையா?

தச்சர் மகன். அப்பா ஷ்டெஃபான் சிகாகோவில் தச்சு வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து குடும்பம் ஊர் திரும்பிய அதே 1921-இல், நவம்பர் 27 அன்று, ஸ்லோவாக்கியாவின் உஹ்ரோவெட்ஸ் கிராமத்தில் டூப்செக் பிறந்தார்.

1925-இல் 'இன்டர்ஹெல்போ' என்ற கூட்டுறவில் சேர்ந்து, சோவியத் நாட்டைக் கட்டியெழுப்ப உதவுவோம் என்று குடும்பமே நடு ஆசியாவின் கிர்கீசியாவுக்கு ரயில் ஏறியது. ஸ்லோவாக்கியாவின் ஜிலினா நிலையத்திலிருந்து பிஷ்பெக்குக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதப் பயணம். போய் இறங்கிய இடத்தில் ஒன்றுமே தயாராக இல்லை. முதல் ஆண்டில் பல குழந்தைகள் நோயில் இறந்தன. அப்படியும் பெரியவர்கள் அங்கே பட்டறைகளையும் ஆலைகளையும் எழுப்பினார்கள். மூன்று வயதில் அங்கே போன பையன், வெளிநாட்டவர் சோவியத் குடியுரிமை வாங்க வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்த பிறகு, 1938-இல்தான் தாய்நாடு திரும்பினான். ரஷ்ய மொழி அவருக்குத் தாய்மொழி மாதிரி. சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் அவரை 'நம்ம சாஷா' (அலெக்சாந்தரின் செல்லப் பெயர்) என்று அழைத்ததையும், இவர் அதை நம்பியதையும் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

1944 ஸ்லோவாக் எழுச்சியில் நாஜிகளோடு சண்டையிட்டு இரண்டு முறை காயம்பட்டார். தம்பி அண்ணன் இருவர்தான் அந்த வீட்டில். சகோதரர் யூலியஸ் அந்தச் சண்டையில் இறந்தார்.

'மனித முகம் கொண்ட சோஷலிசம்' என்கிறார்களே, நடைமுறையில் என்ன மாறியது?

1968 ஜனவரி 5-இல், அதுவரை கட்சியின் முதல் செயலாளராக இருந்த நோவோட்னியின் இடத்துக்கு வந்தார். ஏப்ரலில் கட்சியின் செயல்திட்டம் வெளியானது. பேச்சுரிமை, வெளிநாடு போகும் உரிமை, 1950-களின் பொய் வழக்குகளில் சிக்கியவர்களுக்கு நியாயம், ஆலைகளுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் அதிகாரம், ஸ்லோவாக்குகளுக்குச் சம உரிமை தரும் கூட்டாட்சி எல்லாம் அதில் இருந்தன. ஜூனில் தணிக்கை சட்டப்படியே ஒழிந்தது.

ஆனால் கட்சியின் தலைமைப் பாத்திரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த 1989-இன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1968-ஐப் பார்க்காதீர்கள். அவர் சோஷலிசத்தை முடித்துவைக்க வந்தவர் அல்ல.

அவர் சி.ஐ.ஏ. ஆள் என்று படித்தேன்.

இல்லை. சோவியத் நாட்டில் வளர்ந்து, மாஸ்கோ கட்சிப் பள்ளியில் மூன்று ஆண்டு படித்தவர்.

செக் தலைவரான அவருக்கு மாஸ்கோ முன்கூட்டியே எச்சரிக்கை தரவில்லையா?

ஸ்லோவாக். எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. மார்ச்சில் டிரெஸ்டனில், ஜூலை கடைசியில் எல்லையோரச் சியெர்னாவில், ஆகஸ்ட் 3-இல் பிராடிஸ்லாவாவில். அந்த பிராடிஸ்லாவா கூட்டத்தின்போதுதான் சீர்திருத்தத்தை எதிர்த்த அவர் கட்சித் தலைவர்களான பிலாக், இந்த்ரா உள்ளிட்ட ஐந்து பேர், 'தலையிட்டு உதவுங்கள்' என்று பிரெஷ்னெவுக்கு எழுதிய கடிதம் கழிப்பறையில் வைத்து சோவியத் தரப்பின் கைக்குப் போனது. வெளியே தலைவர்கள் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். கடிதம் 1992-இல்தான் வெளிவந்தது. அவர் எதிரிகளால் மட்டும் தோற்கவில்லை, அருகில் உட்கார்ந்திருந்தவர்களாலும் தோற்றார்.

தோழர், ஒரு குண்டுகூடச் சுடாமல் நாட்டைக் கொடுத்துவிட்டு, சோவியத் நிபந்தனைகளை ஏற்று மாஸ்கோவில் கையெழுத்தும் போட்டார். இது கோழைத்தனம் இல்லையா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 20 இரவு படையெடுத்து உள்ளே வந்தவர்கள் சோவியத் நாட்டையும் அதன் கூட்டாளி நாடுகளையும் சேர்ந்த சுமார் 2 லட்சம் படையினர். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் சோவியத் படையோடு ஹங்கேரி சண்டையிட்டது. சுமார் 2,500 பேர் செத்தார்கள், அந்நாட்டுப் பிரதமர் இம்ரே நாஜ் தூக்கில் தொங்கினார். இவ்வளவும் தெரிந்த ஒருவர் ராணுவத்தை முகாமிலேயே இருக்கச் சொன்னதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மத்தியக் குழு அலுவலகத்திலேயே சோவியத் சிப்பாய்கள் அவரையும் மற்றத் தலைவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள்; கடைசியில் மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே மக்கள் தெருப்பெயர்ப் பலகைகளைக் கழற்றினார்கள்; பல கிராமங்கள் பலகையில் 'டூப்செக்' என்று தங்கள் பெயரையே மாற்றி எழுதிக்கொண்டன, வந்த டாங்கிகளுக்கு வழி தெரியாமல் போக. ஆகஸ்ட் 22-இல் பிராகின் விசோச்சனி ஆலை ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் ரகசியமாகக் கூடிக் கட்சி மாநாட்டையே நடத்திவிட்டார்கள். இவர் எங்கே, உயிரோடு இருக்கிறாரா என்றே அவர்களுக்குத் தெரியாது.

(அதே நண்பர்) கிரீகல் மட்டும் எப்படி மறுத்தார்?

நல்ல கேள்வி. மாஸ்கோவுக்குக் கொண்டுபோன தலைவர்களில், ஸ்பெயின் போரில் மருத்துவராகப் போன ஃப்ரான்டிஷெக் கிரீகல் ஒருவர்தான் ஆகஸ்ட் 26-இல் கையெழுத்துப் போடவில்லை. அவரை அங்கேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அவர் இல்லாமல் கிளம்பமாட்டோம் என்று மற்றவர்கள் நின்றதால்தான் விமானத்தில் ஏற்றினார்கள். கிரீகலின் துணிவு பெரியது, அதில் எனக்கு ஐயமில்லை. அக்டோபரில் சோவியத் படை தங்கும் ஒப்பந்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோதும் எதிர்த்து வாக்களித்த நான்கு பேரில் அவர் ஒருவர்.

ஆனால் கிரீகல் தன் பெயருக்குப் பதில் சொன்னார். டூப்செக் தெருவில் நிற்கிற மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 27 வானொலிப் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். வாக்கியத்தின் நடுவில் நிற்கிறார். மூச்சு வாங்குகிறது. மறுபடி தொடங்குகிறார், மறுபடி நிற்கிறார். அந்த மௌனத்தைக் கேட்ட பிறகு 'கோழை' என்ற சொல் என் வாயில் வராது.

கார் விபத்து கொலைதானே?

மழையில், 1992 செப்டம்பர் 1, ஹும்போலெட்ஸ் அருகே நெடுஞ்சாலையில் கார் தடம் புரண்டது. நவம்பர் 7-இல் பிராக் மருத்துவமனையில் இறந்தார். விசாரணை விபத்து என்றே முடிந்தது.

1968 படையெடுப்பின்போது இந்தியா என்ன செய்தது?

ஐ.நா. பாதுகாப்புக் குழுவில் கண்டனத் தீர்மானம் வந்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதை ஏற்காமல் அசோக் மேத்தா மத்திய அமைச்சர் பதவியை விட்டார்.

பதவி போன பிறகு எப்படி வாழ்ந்தார்?

1969 ஏப்ரலில் முதல் செயலாளர் பதவிக்கு ஹுசாக் வந்தார். இவர் சில மாதம் நாடாளுமன்றத் தலைவராக இருந்தார். பிறகு இவரைத் துருக்கிக்குத் தூதராக அனுப்பி, சில மாதத்தில் திரும்ப அழைத்து, 1970-இல் கட்சியை விட்டே நீக்கினார்கள். பிராடிஸ்லாவாவில் வன நிர்வாக அலுவலகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 1981-இல் ஓய்வு பெறும்வரை அதேதான். ரகசியப் போலீஸ் கூடவே நடந்தது. 1989 நவம்பர் 24 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்மாடத்தில், ஆட்சியை எதிர்த்த இயக்கத்தின் தலைவர் ஹாவெலோடு அவர் வந்து நின்றபோது, கீழே நின்றவர்களில் பலர் 1968-க்குப் பிறகு பிறந்தவர்கள்.

விபத்தைப் பற்றி இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மேலே எழுதிவிட்டேன். அங்கே பாருங்கள்.

(மறுபடி அதே நண்பர்) சரி, மாஸ்கோவை விடுங்கள். 1969 ஆகஸ்டில் போட்ட கையெழுத்து?

அதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை. படையெடுப்பின் முதல் ஆண்டு நிறைவு நாளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்த முறை சுட்டது சொந்த நாட்டு ஆயுதப் படைகள். பிராகிலும் ப்ர்னோ நகரிலும் ஐந்து பேர் செத்தார்கள். மறுநாளே, ஆகஸ்ட் 22-இல், 'தடியடிச் சட்டம்' என்று மக்கள் பெயர் வைத்த அவசரச் சட்டம் வந்தது. மூன்று வாரம் வரை காவலில் வைக்கலாம், வேலையை விட்டு நீக்கலாம், மாணவரைக் கல்லூரியிலிருந்து துரத்தலாம். அதில் குடியரசுத் தலைவர் ஸ்வோபோதா, பிரதமர் செர்னீக் ஆகியோரோடு, நாடாளுமன்றத் தலைவராக டூப்செக்கின் பெயரும் இருக்கிறது. மாஸ்கோவில் அவர் கைதி. இங்கே கைதி இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம், அப்படிச் செய்திருந்தால் பதவி இரண்டு மாதம் முன்னாடி போயிருக்கும், அவ்வளவுதான்.