வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தால் உங்களுக்கு எது வித்தியாசமாகத் தெரிகிறது?

குப்பை, ஹாரன் சத்தம், வெயில் மூன்றையும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். எனக்கு ஊர் தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரம் பக்கம். வேலை ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட்டில். ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கு உறைப்பது, எது பொது, எது தனி என்பதில் இரண்டு ஊரும் நேரெதிர் என்பதுதான். அங்கே மாடிப்படி பொது, மனிதர்கள் தனி. இங்கே மனிதர்கள் எல்லோருக்கும் பொது. தெருவைத்தான் கேட்க ஆளில்லை.

ஷ்டுட்கார்ட் வட்டாரத்தில் கேர்வோகே என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் முறை வைத்துப் பொதுப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். டாக்டரானாலும் டிரைவரானாலும் விளக்குமாற்றை எடுத்தாக வேண்டும். சின்ன முறையில் உங்கள் தளத்துப் படிகள் மட்டும். பெரிய முறை வந்தால் வாசல், நடைபாதை எல்லாம் சேரும். அரைகுறையாகத் துடைத்தால் எதிர்வீட்டுப் பாட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் நான் துடைத்த படியை அவர் மறுபடி துடைக்கிற சத்தம் கதவுக்குள் கேட்கும்.

அதே பாட்டிக்கு என் பெயர் தெரியாது. அழைப்புமணியில் குடும்பப் பெயர்தான் போட்டிருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் உட்கார்ந்துவிட்டதால், கட்டடத்தில் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். (ஊரிலும் நான் 'வாத்தியார் மகன்'தான். என் சொந்தப் பெயருக்கு எங்கேயும் வேலையில்லை.)

ஊரில் அம்மா வாசல் தெளிப்பது கேர்வோகேயைவிடக் கறாராக நடக்கும். விடியுமுன் கூட்டி, தெளித்து, கோலம் போட்டுவிடுவார். ஆனால் எங்கள் வீட்டு அகலம் எவ்வளவோ அவ்வளவுதான். கூட்டிய குப்பை வாறுகால் (சாக்கடை) ஓரம் போய்ச் சேரும். அதற்கு மேல் பஞ்சாயத்து பாடு.

மனிதர்கள் கதை வேறு. நான் பெட்டியைத் திறப்பதற்குள் அத்தை நேராக அடுப்படிக்குள் வந்துவிட்டார். "எப்ப வந்த, எப்ப போற?" என்று ஆரம்பித்து, சம்பளம், வீட்டுக் கடன், ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்திவிட்டோம் என்பது வரை பத்து நிமிஷத்தில் விசாரித்து முடித்தாயிற்று. ஷ்டுட்கார்ட்டில் நெருங்கிய நண்பன் வீட்டுக்குப் போவதென்றாலும் நாள் குறித்துக்கொண்டு போகிறவன் நான். அத்தையின் கேள்விகள் எரிச்சல்தான், மறைக்கவில்லை. ஆனால் அப்பாவை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இப்படிக் கேட்காமல் உள்ளே வருகிற ஆட்கள்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

'நமக்குப் பொது உணர்வு கிடையாது' என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் கோயில் கொடை, அதாவது ஊர்க்கோயில் திருவிழா. எங்கள் பக்கம் தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி போட்டுவிடுவார்கள். ஜெர்மனியில் இருந்தாலும் தப்ப முடியாது. கொடைக்கு முந்தின நாள், வருஷம் முழுக்க யாரும் சீண்டாத அதே தெருவை இளவட்டங்கள் சேர்ந்து கூட்டிப் பந்தல் போடுவார்கள். வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், சாமக்கொடை என்று விடிய விடிய நடக்கும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷின் எடுத்தால் தொலைந்தோம். இந்தியாவிலும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்குத் தடை நேரம் அதே 10 முதல் 6தான். திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு விலக்கு தரலாம். காகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் போடுவார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்தான் விழாக் கமிட்டிப் பொருளாளர்.

பணம் விஷயத்தில் நான்தான் பின்தங்கியவன். ஷ்டுட்கார்ட்டில் எங்கள் தெரு பேக்கரி போன வருஷம் வரை காசு மட்டும்தான் வாங்கியது. இங்கே சந்தையில் கொத்தமல்லிக் கட்டு விற்கிறவரிடம்கூட கியூஆர் அட்டை இருக்கிறது. 500 ரூபாய்த் தாளை நீட்டியதும், "சில்லறைக்கு எங்க போவேன்? ஜிபே இல்லையா அண்ணாச்சி? ஃபாரின்ல இருந்து வந்துட்டு இதுகூட இல்லையாக்கும்!" என்றார். யுபிஐ வந்தது 2016இல். அதற்கு முன்பே நான் விமானம் ஏறிவிட்டேன்.

நான் இல்லாத காலத்து மாற்றங்களில் என்னை அதிகம் அசத்தியது டவுன் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பேருக்கு ஒரு டிக்கெட்டைக் கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிடுவார். முன்பெல்லாம் அம்மா தென்காசி போக வேண்டுமென்றால் அப்பாவிடம் காசு கேட்க வேண்டும், அப்பா காரணம் கேட்பார். இப்போது பெரியகோயிலுக்கு, தங்கச்சி வீட்டுக்கு, துணி எடுக்க என்று நினைத்த நேரத்தில் கிளம்பிவிடுகிறார். கூடவே நாலைந்து சேக்காளிகள். ஷ்டுட்கார்ட்டிலிருந்து நான் மதியம் கூப்பிட்டால் பாதி நாள் கிடைக்கிற பதில்: "பஸ்ல இருக்கேன், ஒண்ணும் கேக்கல. ராத்திரி பேசுதேன், வையி."